ஹோம்லேண்ட் செக்யூரிட்டி முதுகலை: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் செய்யக் கூடாதவை

அமெரிக்காவில் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி, அதாவது உள்நாட்டுப் பாதுகாப்பு, முதுகலை படிக்க விரும்பும் நம் பிள்ளைகளிடம் கல்விக் கட்டணத்துக்கும் முன்னால் நான் கேட்பது குடியுரிமையைப் பற்றி. அதை யோசிக்காமல் சேர்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அந்நாட்டு மத்திய அரசு வேலைகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கு மட்டும்தான். ரகசியக் கோப்புகளைக் கையாளத் தேவையான செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்ற அரசு அனுமதி, நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை தரும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் கிடைப்பதில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்து, கடன் வாங்கிப் படித்து முடித்த பிறகு இது தெரியவந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

வெளிநாட்டு மாணவர் படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சைபர் பாதுகாப்பு, பேரிடர்த் திட்டமிடல் என்று தனியார் துறையிலும் வேலை உண்டு. ஆனால் பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் பாடத்தின் பெயரோடு அச்சாகும் ஆறு இலக்க சிஐபி எண்ணை, அதாவது பாடப்பிரிவு எண்ணைப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற பணிப்பயிற்சி அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். அந்த எண் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால்தான் மேலும் 24 மாதம். ஒரே பல்கலைக்கழகத்தில் கொள்கைப் பிரிவுக்கு ஓர் எண், சைபர் பிரிவுக்கு வேறோர் எண் இருக்கலாம். பணம் கட்டும் முன் அதை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் பலர் சறுக்குவது, எஃப்பிஐயில் சேரும் கனவுக்காக இந்தப் படிப்பு என்று எழுதும் இடத்தில். எஃப்பிஐ இந்தத் துறையில் இல்லை, நீதி அமைச்சகத்தின் கீழ் வருவது. ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறை, 22 அமைப்புகளைச் சேர்த்து 2003 மார்ச் 1 முதல் இயங்கத் தொடங்கியது. கடலோரக் காவல், விமான நிலையச் சோதனை, சுங்கம், வெள்ளம் வந்தால் ஓடிவர வேண்டிய ஃபீமா என்ற பேரிடர் மேலாண்மை அமைப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். பயங்கரவாதம் மட்டும்தான் பாடம் என்று நினைத்து வருகிறவருக்கு முதல் பருவத்திலேயே சலிப்புத் தட்டிவிடும்.

அடுத்ததுதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு. இது பல துறைகள் சேர்ந்த படிப்பு. அப்படியென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி என்று எடுத்துக்கொள்வது. கத்ரீனா புயலையே பாருங்கள். 2005 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் 80 விழுக்காடு மூழ்கியது. 17-ஆம் தெருக் கால்வாயின் வெள்ளச் சுவர், தண்ணீர் உச்சியை எட்டும் முன்பே உடைந்தது, அது பொறியியல். வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தும் காரில்லாத ஏழைகளால் கிளம்ப முடியவில்லை, அது சமூகவியல். வளர்த்த நாயை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. அதனால் 2006-இல் வெளியேற்றத் திட்டங்களில் செல்லப் பிராணிகளையும் சேர்க்கச் சொல்லிச் சட்டமே வந்தது. மாணவர்கள் இதைத் துறைக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதிவிடுகிறார்கள். காய்களை நறுக்கித் தட்டில் அடுக்கினால் அவியல் ஆகிவிடுமா?

நானும் இதே தவறைச் செய்தேன். என் ஆய்வேட்டின் முதல் வரைவு புயல் வெளியேற்றம் பற்றியது. சட்டம், உளவியல், போக்குவரத்து எல்லாம் இருந்தது. வழிகாட்டிய பேராசிரியர் முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: "இந்தக் கேள்விக்கு விடை யாருக்கு வேண்டும்?" இரண்டு வாரம் தூக்கமில்லை. கடைசியில் கேள்வியைச் சுருக்கினேன். ஒரு கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) காரில்லாத வீடுகளுக்காக வரும் பேருந்து எங்கே நிற்க வேண்டும்? அதற்கு மக்கள்தொகைக் கணக்கு தேவைப்பட்டது. வீல்சேரில் இருப்பவர் எவ்வளவு தூரம் வருவார் என்று தெரிய வேண்டியிருந்தது. அரசுப் பேருந்தை நம்பி ஏறுவார்களா என்பதும் வந்து நின்றது. துறைகளை நான் தேடிப் போகவில்லை. கேள்வியே இழுத்து வந்தது. புள்ளியியல் வகுப்பைத் தவிர்க்காமல் இருந்தது அப்போதுதான் கைகொடுத்தது.

ஆய்வேட்டுக்காகப் பேட்டி எடுக்கப்போகிறீர்கள் என்றால் பல்கலைக்கழக ஆய்வு நெறிக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். வேலையில் பார்த்த உள்சுற்று ஆவணங்களை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். ஆய்வேடு பொதுவெளிக்குப் போகும்.

கல்லூரித் தேர்விலும் கவனம் வேண்டும். கலிஃபோர்னியா மான்டரேயில் கடற்படை முதுகலைப் பள்ளி நடத்தும் புகழ்பெற்ற 18 மாதப் படிப்புக்குக் கட்டணம் இல்லை; ஆனால் அது பணியில் இருக்கும் அரசு அலுவலர்களுக்கானது. அங்கீகாரம் இல்லாத இணையப் பட்டங்களின் பக்கமே போகாதீர்கள். ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறையிலேயே உயர்பதவியில் இருந்த ஒருவரின் பட்டங்கள், காசு கொடுத்தால் பட்டம் தரும் போலி நிறுவனத்தில் வாங்கியவை என்று 2003-இல் வெளிப்பட்டு, அவர் பதவி விலக நேர்ந்தது.

குடியுரிமை உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிளியரன்ஸுக்கான எஸ்எஃப்-86 படிவம் பத்தாண்டு முகவரிகளைக் கேட்கும், வெளிநாட்டுப் பயணங்களைக் கேட்கும், வெளிநாட்டில் இருக்கும் நெருக்கமானவர்களையும் கேட்கும். மதுரையிலிருந்து வாரந்தோறும் வாட்ஸ்அப்பில் பேசும் சித்தப்பாவும் அதில் வரலாம். உறவு இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா மத்திய சட்டப்படி தடைசெய்யப்பட்டது, அதையும் கேட்பார்கள். படிப்பில் சேரும் நாளிலேயே ஒரு நோட்டு போட்டு, வீடு மாறிய தேதி, ஊருக்குப் போய்வந்த தேதி என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.