கிரேட் டேன் வாங்கும் முன்: வண்டி, தரை, கிண்ணம்

எங்கள் பெண் நாய் செம்பி, ராட்சத உருவ இனமான கிரேட் டேன். அதைக் கூட்டிக்கொண்டு திருச்சித் தெருக்களில் நடந்தால் முதலில் வரும் கேள்வி, "இது எவ்வளவு சாப்பிடும்?" அடுத்தது, "கடிக்குமா?" "ராத்திரி ரெண்டு மணிக்கு இதுக்கு முடியலைன்னா எதுல ஏத்திட்டுப் போவீங்க?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கிரேட் டேன் ஆசை உள்ளவர்கள் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

குளிப்பாட்டுவது, வெளியே போகப் பழக்குவதெல்லாம் எந்த நாய்க்கும் உள்ளதுதான், அதை விட்டுவிடுகிறேன். வளர்ந்த பெண் 50 முதல் 63 கிலோ, ஆண் 63 முதல் 79 கிலோ வரை வரும். ஆயுள் பெரும்பாலும் 7 முதல் 10 வருடம். வீட்டில் பள்ளி போகும் பிள்ளைகள் இருந்தால் இந்த இரண்டாவது கணக்கை அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 1: டாக்டரும் வண்டியும்

குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி, அப்படியே திருகிக்கொள்வது உண்டு. டாக்டர்கள் ஜி.டி.வி. என்பார்கள், வளர்ப்பவர்கள் ப்ளோட் என்போம். இந்த ஆபத்து அதிகமுள்ள இனங்களில் கிரேட் டேன்தான் முன்னால் நிற்கிறது. வயிறு திருகிவிட்டால் ரத்த ஓட்டம் தடைப்படும். ஆபரேஷன் இல்லாமல் பிழைக்காது, அவகாசமும் சில மணி நேரம்தான்.

அடையாளங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குமட்டும், ஆனால் ஒன்றும் வராது, வந்தால் நுரைதான். எச்சில் ஒழுகும். ஓரிடத்தில் படுக்காமல் எழுந்து எழுந்து நடக்கும், தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். விலாவுக்குப் பின்னால் விரலால் தட்டினால் தவில் மாதிரிக் கேட்கும். ஓமத்தண்ணீர், சோடா, பெருங்காயம் என்று எதையும் ஊற்றிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே கிளம்ப வேண்டும்.

எதில் கிளம்புவது என்பதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். ஒரு மழை இரவில் செம்பிக்கு வயிறு உப்பியது. வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது உள்ள போகாதுண்ணே" என்று கிளம்பிவிட்டார். தினமும் காரில் தாவி ஏறுகிற நாய், வலி வந்தால் முன்னங்காலைக்கூடத் தூக்காது. 52 கிலோ. வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கவும் கூடாது, அங்கேதானே பிரச்சினை. கடைசியில் பவானி ஜமக்காளத்தை விரித்து, அதன்மேல் படுக்க வைத்து, நான்கு மூலைக்கு நான்கு பேர் பிடித்து, எங்கள் தெருவில் பால் ஏற்றும் குட்டி யானையில் ஏற்றினோம். டாக்டர் குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றினார். எக்ஸ்ரேயில் திருகல் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவை:

முதலில் டாக்டர். "ராத்திரி திறந்திருக்குமா?" என்று கேட்காதீர்கள். ஆள் இருப்பார், ஊசி போடுவார், அவ்வளவுதான். "ராத்திரி ஜி.டி.வி. ஆபரேஷன் செய்வீர்களா, மயக்க மருந்து கொடுக்க ஆள் உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த ஊர் எது என்று அப்போதே முடிவு செய்யுங்கள். எங்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. எந்தக் கல்லூரியானாலும் இரவுச் சிகிச்சை பற்றி நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்து வண்டி. பின்பக்கம் முழுதாகத் திறக்கும் வண்டியாக இருக்க வேண்டும். ஆம்னி, ஈக்கோ, குட்டி யானை எதுவானாலும் சரி, ஓட்டுநர் நம்பர் கையில் இருக்க வேண்டும். ஜமக்காளத்தில் இரண்டு 25 கிலோ அரிசி மூட்டையை வைத்து, வாசலிலிருந்து வண்டிவரை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வீட்டில் யாருக்கு முதுகுவலி என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, இரைப்பையை வயிற்றின் உள்பக்கச் சுவரோடு தைத்து நிறுத்தும் கேஸ்ட்ரோபெக்ஸி ஆபரேஷன். காற்று சேர்வதை அது தடுக்காது, திருகுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பெண் நாய்க்குக் கருப்பை எடுக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்துகொண்டால் மயக்க மருந்து ஒரே தடவையோடு போகும். செம்பிக்கு அப்படித்தான் செய்தோம். குட்டி வாங்கும் நாளிலிருந்தே இந்தச் செலவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

படி 2: குட்டி பார்ப்பது

தாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். வம்சத்தில் எது எதனால் செத்தது என்று கேளுங்கள். ப்ளோட்டும் இதயம் வீங்கும் நோயும் வழிவழியாக வரக்கூடியவை. கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழ் வம்சாவளிக்குத்தான் சாட்சி, ஆரோக்கியத்துக்கு அல்ல. "ஃபுல் வொயிட், அபூர்வம்" என்று கூடுதல் விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மெர்ல் என்பது திட்டுத் திட்டான நிறம்; மெர்ல் நாயோடு மெர்லைச் சேர்த்தால் பிறக்கும் வெள்ளைக் குட்டிகளில் பல காது கேளாதவை, சில கண்ணும் தெரியாதவை.

படி 3: தரை

நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் இந்த நாய்க்கு எதிரி. வளரும் மூட்டு வழுக்கி வழுக்கியே கெட்டுப்போகும். நடமாடும் பாதை முழுக்க ரப்பர் மேட் போடுங்கள். துணி மிதியடி நாயோடு சேர்ந்து தானும் வழுக்கும். படுக்கைக்கு 4 அங்குல ரீபாண்டட் ஃபோம், மேலே ரெக்சின் உறை. வெறும் தரையிலேயே படுத்தால் முழங்கை காய்த்து, நீர் கோத்து வீங்கும்.

படி 4: கிண்ணம்

60 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,500 கலோரி தேவை. உலர் தீவனமானால் 700 கிராம், அதாவது மாதம் ஒரு 20 கிலோ மூட்டை. இதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அவசரமாக விழுங்கும் நாய்க்கு மேடு பள்ளம் உள்ள கிண்ணம் நல்லது. ஸ்டாண்ட் வைத்த உயரக் கிண்ணத்தைக் கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நான் வாங்கவில்லை. 2000இல் வெளிவந்த அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வில், உயரக் கிண்ணத்தில் சாப்பிட்ட பெரிய நாய்களுக்கு ப்ளோட் அதிகமாகவே இருந்தது.

குட்டிக்குக் கால்சியம் டானிக், முட்டை ஓட்டுப் பொடி, எலும்புப் பொடி எதுவும் வேண்டாம். "பெரிய நாயாச்சே, எலும்பு வலுக்க வேண்டாமா" என்று பக்கத்து வீட்டு மாமியிலிருந்து கடைக்காரர் வரை எல்லோரும் சொல்வார்கள். சின்னக் குட்டியின் குடலுக்கு, மிஞ்சிய கால்சியத்தை வேண்டாமென்று ஒதுக்கத் தெரியாது. அத்தனையும் உடம்பில் ஏறி எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். பெரிய இனக் குட்டிக்கென்றே வரும் தீவனத்தை வாங்கி, பையின் பின்பக்கம் பாருங்கள். கால்சியம் 1.2 முதல் 1.5 சதவீதம் என்றிருந்தால் நிம்மதி. கொழுகொழு குட்டிதான் அழகு என்பதையும் மறந்துவிடுங்கள். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். ஒன்றரை வயது வரை பைக் பின்னால் ஓடவிடுவது, மாடிப்படி ஏற்றி இறக்குவது கூடாது.

சில்லறை விஷயங்கள்

சங்கிலியில் நடக்கப் பழக்குவதை மூன்று மாதத்தில் தொடங்குங்கள், ஆறு மாதத்தில் அது உங்களை இழுக்கும். கழுத்தை இறுக்கும் சோக் செயின் எனக்குப் பிடிக்காது. நெஞ்சுப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் போதும். நகத்துக்கு நகவெட்டியைவிட அரைக்கும் மெஷின் மேல்.

எடை தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது. க்ளினிக் தராசில் நிற்காவிட்டால் பழைய இரும்புக் கடை எடைமேடையில் ஏற்றுங்கள். பூச்சி மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று, உண்ணி மருந்தும் எடைக்கு ஏற்பத்தான். ரேபிஸ் ஊசி மட்டும் பொமரேனியனுக்கும் டேனுக்கும் ஒரே அளவு. இந்த நாய் விஷயத்தில் விலை ஏறாத ஒரே ஐட்டம்.

வால்! சந்தோஷத்தில் ஆட்டும்போது சுவரில் அடித்து நுனி கிழியும். கிழிந்த வாலோடு மறுபடி ஆட்டும், வெள்ளைச் சுவரெல்லாம் ரத்தப் புள்ளி. கட்டுப் போட்டாலும் நிற்காது. குறுகலான நடையில் வரவேற்பு வைக்காதீர்கள். ஆள் வந்தால் ஹாலுக்கு நடுவே கூப்பிட்டுக் கொஞ்சுங்கள்.

பின்சேர்க்கை: மே மாதத்தில் நாய் ஃபோமை விட்டுவிட்டுத் தரைக்கே போகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். செம்பியும் அப்படித்தான். மதுரை வாசகி ஒருவர் சொன்னபடி மெத்தைமேல் கோரைப்பாய் விரித்தேன், பாதி இரவாவது அதில் படுக்கிறது.

இன்னொன்று: "மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வளர்க்கலாமா?" என்று கேட்டவருக்கு. வீட்டுக்குள் இது சோம்பேறி, இடம் பெரிய பிரச்சினையில்லை. வயதாகிப் பின்னங்கால் தளர்ந்த பிறகு படி இறங்க முடியாது என்பதுதான் சிக்கல். நாய் உள்ளே திரும்பி நிற்கும் அளவு லிஃப்ட் இருந்தால் யோசிக்கலாம். கரண்ட் போனால் அந்த லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று அசோசியேஷன் செக்ரட்டரியிடம் கேட்டுவிட்டு, பிறகு குட்டி பார்க்கப் போங்கள்.