கூலிங் வேலை பார்த்த பின் எஞ்சின் சூடேற மறுக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்து, ஹோஸ்களை மாற்றி, புதுக் கூலண்ட் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த காரில், அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் வெப்ப முள் அடிக்கோட்டை விட்டு எழவில்லை என்றால் நம்மில் பலர் கவலைப்படுவதில்லை. "வண்டி இப்போது ஹீட்டே ஆவதில்லை" என்று மெக்கானிக்கைப் பாராட்டுவோரும் உண்டு. சித்திரை வெயிலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றவர்களுக்கு அந்த நிம்மதி இயல்பானதுதான். ஆனால் இன்றைய கார் எஞ்சின்களில் பெரும்பாலானவை, கூலண்ட் ஏறத்தாழ 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. 60 டிகிரியிலேயே நின்றுவிடும் பெட்ரோல் எஞ்சினில், காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்தது போலவே எண்ணிக்கொண்டு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் இறங்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே வழிந்து ஆயிலோடு கலக்கும். பிஎஸ் 6 டீசல் கார்கள் பலவற்றில், கூலண்ட் உரிய வெப்பத்தை எட்டாதவரை டிபிஎஃப் வடிகட்டியில் படிந்த கரியை எரிக்கும் வேலையே தொடங்காது.

இதைக் கண்டறியும்போது நேரும் தவறுகளில் ஆபத்தானது ஒன்றுதான்: முள் கீழே நிற்பதால் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று முடிவுகட்டுவது. கூலண்டின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் முனை கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் அது சரியான அளவைச் சொல்லும். கூலண்ட் மாற்றிய பின் காற்றை முறையாக வெளியேற்றாவிட்டால், காற்றுக்குமிழி சென்சார் இருக்கும் மேல்பகுதியில் தங்கிவிடக்கூடும். அப்போது சிலிண்டர் ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும். முள்ளோ அசையாமல் இருக்கும். ஆகவே முதல் வேலை, எஞ்சின் முழுவதும் ஆறிய பின், முடிந்தால் மறுநாள் காலையில், கூலண்டின் மட்டத்தைப் பார்ப்பது. ரேடியேட்டரிலேயே மூடி உள்ள காரில் அந்த மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ரிசர்வ் டேங்கில் அளவு சரியாக இருப்பதால் ரேடியேட்டரும் நிறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மட்டம் சரியாக இருந்தால், அடுத்த கேள்வி அந்த அளவு உண்மையா என்பது. காரின் கணினியில் பதிவாகும் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி கூலண்ட் வெப்பத்தை எண்ணாகவே பார்ப்பதே நேரான வழி. பல கார்களில் முள் நடுக்கோட்டுக்கு வந்துவிட்டால் பின்னர் 20, 25 டிகிரி ஏறி இறங்கினாலும் அசையாதபடி அமைத்திருப்பார்கள். பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது, எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணைகிறதா என்பது மட்டுமே தெரியும். ஸ்கேனரில் மைனஸ் 40 என்று வந்தால் அது பெரும்பாலும் சென்சார் இணைப்பு அறுந்ததன் அடையாளம். ரேடியேட்டர் வேலையின்போது கழற்றிய சாக்கெட்டைத் திரும்பச் செருக மறந்திருக்கலாம். ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு வந்தவுடன் சென்சாரை மாற்றுவோர் உண்டு. கூலண்ட், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடி வைத்து, பிறகு திறக்கும் வால்வு) கட்டுப்படுத்த வேண்டிய வெப்பத்தை எட்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை.

நானும் அப்படிச் சென்சாரை மாற்றி ஏமாந்தவன்தான். வாட்டர் பம்ப் மாற்றிய பிறகு முள் எழாத காருக்குப் புதுச் சென்சார் வாங்கிப் போட்டும் பயனில்லாமல், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ரப்பர் வளையம் மட்டுமே இருந்தது. வேலை பார்த்தவர் வால்வை எடுத்துவிட்டு, பில்லில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருந்தார். "நம் ஊர் வெயிலுக்கு வால்வு எதற்கு?" என்பது பட்டறைகளில் இன்றும் கேட்கும் பேச்சு. வால்வு இல்லாத எஞ்சின் நெடுஞ்சாலையில் சூடேறாமல் ஓடும் என்பது பலருக்கும் தெரியும். அதே எஞ்சின் நெரிசலில் அதிகமாகச் சூடாகவும் கூடும் என்பதுதான் கவனத்துக்கு வருவதில்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். வால்வே இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடந்து, கூலண்டின் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டாமலேயே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும்.

வால்வு உள்ளே இருந்தாலும் அது மூடாமல் நிற்கக்கூடும். புதிதாகப் போட்டதாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது. ஹவுசிங்கில் தாராளமாகப் பூசிய சிலிக்கான் பசையின் துணுக்கு ஒன்று வால்வின் இருக்கையில் சிக்கினால் போதும். வால்வின் மேல் அடித்திருக்கும் டிகிரி அளவையும் பார்க்க வேண்டும். 88 டிகிரி வால்வு இருக்க வேண்டிய இடத்தில், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று 76 டிகிரி வால்வைப் போட்டிருந்தால் முள் கீழே நிற்பதில் வியப்பில்லை. கழற்றிய வால்வைச் சோதிக்க ஒரு பாத்திரமும் சமையல் வெப்பமானியும் போதும். ஆறிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. பிறகு வால்வின் வாயில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலாலேயே தொங்கவிட்டு, அடியைத் தொடாதபடி தண்ணீரில் மூழ்க வைத்துச் சூடேற்ற வேண்டும். வால்வு திறக்கத் தொடங்கியதும் நூல் நழுவி வால்வு கீழே விழும். அந்த நொடியின் வெப்பம், அடித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

கழற்றாமலேயே அறிய, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சுழலும் ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையை விலக்கி வைத்துக்கொண்டு, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கலாம். தெர்மோஸ்டாட் மேல் ஹோஸின் பக்கம் அமைந்த எஞ்சினில் அது வெகுநேரம் குளிர்ந்திருந்து பிறகு சட்டென்று சூடாக வேண்டும். எஞ்சினோடு சேர்ந்தே மெல்ல மெல்லச் சூடானால் வால்வு மூடவில்லை என்று கொள்ளலாம். இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அளப்பவர்கள் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் குறிவைக்கக் கூடாது. அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும்.

ஃபேனை எப்போதும் ஓடும்படி டைரக்டாக இணைத்திருப்பதே காரணம் என்று முடிவெடுப்பதும் அவசரம். ஃபேன் குளிர்விப்பது ரேடியேட்டரைத்தான். வால்வு ஒழுங்காக மூடினால் ரேடியேட்டரில் உள்ள தண்ணீர் எஞ்சினுக்குப் பெரிதாக வராது. சில கார்களில் சென்சார் இணைப்பு அறுந்தால் ஈசியூவே பாதுகாப்புக்காக ஃபேனை இடைவிடாமல் ஓட்டும் என்பதால், ஓயாத ஃபேன் நோயின் காரணமாக இல்லாமல் அதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

எந்தச் சாலையில் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். வால்வு மூடாத வண்டி சிக்னலில் நிற்கும்போது 90 டிகிரி வரை ஏறி, 80 கிலோமீட்டர் வேகத்தில் 65க்கு இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே தெளிவான சான்று. பட்டறை வாசலில் ஐடிலில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சாவியை வாங்கி வருவதால் பயனில்லை. அதற்கு மாறாக, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு கியரில் இறங்கும்போது முள் சற்றுத் தாழ்வதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும் வண்டியில் எரிபொருள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிடுவதால், நல்ல எஞ்சினும் அங்கே கொஞ்சம் ஆறத்தான் செய்யும்.

கோளாறைச் சரிசெய்து, ஸ்கேனரில் எண் நெடுஞ்சாலையிலும் நிலையாக நிற்பதைக் கண்ட பிறகு ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றிய அளவைவிட மட்டம் ஏறியிருந்தாலோ, ஆயில் மாற்றி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லையே என்று பார்க்காமல், ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும்.