வீட்டுக்கூட்டத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது: போதகர்களுக்கான 12 வாரச் செய்முறை

எண்பது குடும்பம் உள்ள சபை, வாரத்துக்கு நான்கு வீட்டுக்கூட்டம், நான்கையும் நடத்துவது போதகர் ஒருவரே. வியாழக்கிழமைக்குள் தொண்டை கட்டிவிடும். சனி இரவு பத்து மணிக்குத்தான் ஞாயிறு பிரசங்கத்தையே திறக்க முடியும். கமிட்டியில் கேட்டால் 'பொறுப்பெடுக்க ஆள் இல்லை' என்பார்கள்.

யாத்திராகமம் 18ல், ஜனங்களின் வழக்குகளையெல்லாம் தனியாகவே தீர்த்துக்கொண்டிருந்த தன் மருமகன் மோசேயிடம் எத்திரோ சொன்ன வார்த்தை 'தொய்ந்துபோவீர்கள்'. அது மோசேக்கு மட்டும் சொன்னதல்ல, காலைமுதல் சாயங்காலம்வரை வரிசையில் நின்ற ஜனங்களுக்கும் சேர்த்துத்தான். போதகர் ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் சபையும் சேர்ந்தே களைக்கிறது.

இனி செய்முறை. நான்கு கூட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கைமாற்றப் போனால் ஒன்றும் நடக்காது.

ஆள் பார்ப்பது

யாரிடமும் சொல்லாமல் நான்கு வாரம் கவனியுங்கள். முன்னதாக வந்து பாய் விரிப்பவர், கூட்டம் முடிந்ததும் 'அந்த அக்கா ரெண்டு வாரமா வரலியே' என்று விசாரிப்பவர்: இவர்களைக் குறித்துவையுங்கள். நன்றாகப் பேசுகிறவரை முதலில் எடுக்காதீர்கள், கூட்டம் இன்னொரு பிரசங்கமாகிவிடும். காணிக்கை அதிகம் கொடுப்பவரை நியமித்தால் பிறகு மாற்றவே முடியாது. விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர் வேண்டாம் என்பதை 1 தீமோத்தேயு 3:6 நேராகவே சொல்கிறது.

இருவராக எடுங்கள். ஒரே வீட்டுக்காரர்களாகவோ நெருங்கிய உறவுக்காரர்களாகவோ இருக்கக்கூடாது. ஒருவரை மட்டும் போட்டால் ஆறே மாதத்தில் அது 'அவருடைய கூட்டம்'. வருகிறவர்களில் பெண்களே அதிகம் என்றால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

1742ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மக்கள் சிறு குழுக்களாகப் பிரிந்தது ஆலயக் கடனை அடைக்கத்தான். சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், தலைக்கு வாரம் ஒரு பென்னி. பென்னி வாங்க வீடு வீடாகப் போன தலைவர்களுக்கு எந்த வீட்டில் என்ன சங்கடம் என்று தெரியவந்தது. அதுவே பிறகு அவர்களுடைய முக்கிய வேலையாயிற்று. நீங்கள் தேடுவதும் பேச்சாளரை அல்ல, வீடு ஏறி விசாரிக்கிறவரைத்தான்.

வாரம் 1 முதல் 3 வரை: பார்த்தல்

கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம். பாட்டு 10 நிமிடம், வாசிப்பு 5, பேச்சு 25, விண்ணப்பமும் ஜெபமும் 15, அறிவிப்பு 5. நீங்கள் நடத்துங்கள், அவர்கள் பார்க்கட்டும். யார் வாயே திறக்கவில்லை என்பதை மட்டும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

நோட்டு என்றால் கோடு போட்ட 80 பக்க நோட்டு. இதற்கெல்லாம் ஆப் தேவையில்லை. கையில் போன் இருந்தால் கண் அதில்தான் இருக்கும்.

வாரம் 4 முதல் 6 வரை: பாதி

பேச்சுப் பகுதியை அவர்கள் நடத்தட்டும். புதியவர்கள் தடுக்கி விழுவது கேள்வியில். லூக்கா 10ல் மார்த்தாள், மரியாள் பகுதியை வாசித்துவிட்டு 'மரியாள் நல்ல பங்கைத்தானே தெரிந்துகொண்டாள்?' என்று கேட்டால் எல்லோரும் 'ஆமா' என்பார்கள், அதோடு பேச்சு முடிந்தது. 'திடீரென்று இத்தனை பேர் வந்து நின்றால் உங்கள் வீட்டில் அடுப்படிக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்துவதுதான் கஷ்டம். வாரம் மூன்று கேள்வி போதும். முந்தின நாளே எழுதி உங்களிடம் காட்டட்டும்.

கேள்வி கேட்டபின் அமைதி வரும். பத்துவரை மனதுக்குள் எண்ணப் பழக்குங்கள். நீங்கள் நடத்துகிறவருக்கு எதிரில் உட்காராதீர்கள். எதிரில் இருந்தால் பதிலுக்காக எல்லாருடைய கண்ணும் உங்கள் பக்கமே திரும்பும். அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் உட்காருங்கள்.

வாரம் 7 முதல் 9 வரை: நீங்கள் போகக்கூடாது

பெரும்பாலான சபைகளில் இந்த முயற்சி நின்றுபோவது இங்கேதான். முதல் வாரமே 'ஐயர் வரலியா?' என்று கேட்பார்கள். இரண்டாம் வாரம் வருகிறவர்கள் குறைவார்கள். யாராவது போன் போட்டு, 'தம்பிக்கு இன்னும் பக்குவம் பத்தலை ஐயா' என்பார்கள். அந்தப் போனுக்கு இளகி அடுத்த வாரம் நீங்கள் போய் உட்கார்ந்தால், ஆறு வார உழைப்பு வீண். அந்தத் தம்பி இனிமேல் எந்தப் பொறுப்பும் கேட்கமாட்டார்.

இதைத் தவிர்க்க, ஏழாம் வாரத்துக்கு முந்தின ஞாயிறே ஆராதனை அறிவிப்பில் இருவர் பெயரையும் சொல்லி, முன்னால் வரவழைத்து ஜெபித்து அனுப்புங்கள். 'இந்த மூன்று வாரமும் நான் வரமாட்டேன்' என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பாதிப் போன் அதிலேயே குறைந்துவிடும். மீதிக்கு ஒரே பதில்: 'அதை அவர்கிட்டயே சொல்லுங்க.'

கூட்டம் முடிந்த இரவே கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ, நேரில், டீக்கடையானாலும் சரி, அரைமணி நேரம். அவர் முதலில் பேசட்டும். எங்கே கலகலப்பாக இருந்தது, எங்கே தொய்ந்தது, யார் பேசவில்லை. நீங்கள் வாரத்துக்கு ஒரு திருத்தம்தான் சொல்லலாம். ஐந்து தவறு தெரிந்தாலும் ஒன்றுதான். நாக்கைக் கட்டி வைப்பதுதான் இந்தப் பன்னிரண்டு வாரத்தில் போதகருக்குக் கிடைக்கிற பயிற்சி, அதுவே ஆகக் கடினம்.

அரைத் தாள்

பெரிய காரியங்கள் மோசேயிடமே வரட்டும் என்பதும் எத்திரோ சொன்னதுதான். எது பெரியது என்று எழுதிக் கொடுக்காவிட்டால் புதியவருக்குத் தெரியாது. அரைத் தாளில் எழுதி நோட்டின் அட்டையில் ஒட்டிக் கொடுங்கள்: சாகவேண்டும் என்று யாராவது பேசினால், வீட்டில் அடி உதை, குழந்தைக்குத் தீங்கு, பணத் தகராறு. இவற்றுக்கு ஆலோசனை சொல்லாமல் உடனே உங்களைக் கூப்பிடவேண்டும். கீழே மூன்று எண்: மனநல உதவிக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. ஆபத்து கண்ணெதிரே என்றால் உங்களுக்குக் காத்திராமல் 112.

காணிக்கை எடுத்தால் இருவரும் சேர்ந்து அங்கேயே எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடவேண்டும்.

வாரம் 10 முதல் 12 வரை

நீங்கள் ஒருமுறை மட்டும் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். இதற்குள் அவர்கள் இருவரும் மூன்றாவதாக ஒருவரைக் கூட்டிவந்திருக்கவேண்டும். 2 தீமோத்தேயு 2:2ல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கப்போகிற மற்றவர் என்று நான்கு தலைமுறை வரிசையாக நிற்கிறது. மூன்றாவது ஆள் வராவிட்டால் வேலை இன்னும் முடியவில்லை. இன்னும் நான்கு வாரம் கொடுங்கள்.

பின் சேர்க்கை 1: வாட்ஸாப் குழு பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். நேரம், இடம் அறிவிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். 'இன்னாருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் சரியில்லை, ஜெபியுங்கள்' என்று ஒருவர் போட்டால் இரவுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் எந்த விண்ணப்பமும் எழுத்தில் போகக்கூடாது.

பின் சேர்க்கை 2: 'பாதியிலேயே எனக்கு இடமாற்றம் வந்துவிட்டால்?' அந்த 80 பக்க நோட்டு உங்களோடு லாரியில் ஏறக்கூடாது. இருவர் பெயர், எந்த வாரம் வரை வந்திருக்கிறார்கள், கடைசியாகச் சொன்ன திருத்தம் என்ன: இவற்றை முதல் பக்கத்தில் எழுதி, வருகிற போதகர் கையில் நேராகக் கொடுங்கள். செயலாளரிடம் கொடுத்தால் அலமாரிக்குள் போய்விடும்.