பந்தயக் குதிரை நஷ்டத்தை ஐடிஆர்-2-ல் காட்டுவது எப்படி?

எனக்கு ஒரே ஒரு குதிரை. பெங்களூருவில் ஒரு ட்ரெய்னரிடம் நிற்கிறது. ஜெயிக்கிற வருடத்தைவிடத் தீனி போடுகிற வருடம்தான் அதிகம். அந்த நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 74ஏ பிரிவு வழி தருகிறது. அதை நானே ரிட்டர்னில் போட்டு முடித்த கையோடு எழுதுகிறேன். போர்ட்டலில் நுழைவது, பான், ஆதார் எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஐடிஆர் என்பது வருமான வரி ரிட்டர்ன் படிவம்; அதில் ஐடிஆர்-1 இதற்கு ஆகாது. வேறு தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு ஐடிஆர்-2.

1. பில்களைப் பிரியுங்கள்

ட்ரெய்னர் மாதாமாதம் அனுப்பும் பில்லில் கொள்ளு, ஓட்ஸ், குதிரைமசால், சைஸ் (குதிரையைக் கவனிக்கும் ஆள்) சம்பளம், லாடம், டாக்டர் என்று எல்லாம் கலந்து வரும். என்னிடம் உள்ள ஒரு பில்லில் லாடத்துக்குக் கீழேயே பல் ராவிய கூலியும் இருக்கிறது. இவையெல்லாம் பராமரிப்புச் செலவு, கழித்துக்கொள்ளலாம். குதிரை வாங்கிய விலை மூலதனம்; அதை இதில் சேர்க்கக் கூடாது. கணக்குக்கு ஆப் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. எக்செல்லில் தேதி, செலவு, ஸ்டேக் மனி (பந்தயப் பரிசுப் பணம்) என்று மூன்று பத்தி போதும்.

2. ஸ்டேக் மனி வேறு, பெட் பணம் வேறு

நான் தடுக்கி விழுந்த இடம் இது. குதிரை முதலாவதாகவோ, இரண்டாவதாகவோ, அதற்குக் கீழ் இடத்திலோ வந்ததற்காக உரிமையாளருக்குக் கிடைக்கும் பரிசுதான் ஸ்டேக் மனி. உங்கள் குதிரை மேலேயே நீங்கள் பணம் கட்டி ஜெயித்தால்கூட அது பெட் பணம். இரண்டும் ஒரே மைதானத்திலிருந்து, சில சமயம் ஒரே நாளில் வருவதால், நான் முதலில் ஒன்றாகக் கூட்டிவிட்டேன்.

ஓர் உதாரணம். செலவு 4,80,000 ரூபாய், ஸ்டேக் மனி 1,90,000, பெட்டில் ஜெயித்தது 60,000 என்று வையுங்கள். நஷ்டம் 2,90,000. அதிலிருந்து 60,000-ஐக் கழித்து 2,30,000 என்று போடத்தான் கை போகும். கூடாது. பெட் பணத்துக்கு 115பிபி பிரிவில் நேராக 30 சதவீத வரி, 18,000. அதன் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி, 720. அதற்கு எதிராக ஒரு ரூபாய் செலவும் கழிக்க முடியாது. நஷ்டம் 2,90,000 முழுசாக அப்படியே நிற்கும். சம்பளத்திலோ வாடகையிலோ அதைக் கழிக்க முடியாது. குதிரை வருமானத்தில் மட்டும்தான்.

3. ஷெட்யூல் ஓஎஸ்

இதர வருமானத்துக்கான இந்த ஷெட்யூலில் (ரிட்டர்னுக்குள் இருக்கும் அட்டவணை) கீழே இறங்கிப் போனால் பந்தயக் குதிரை வைத்துப் பராமரிப்பதற்குத் தனி இடம் இருக்கும். வரவு, 57-ஆம் பிரிவின் கீழ் கழிவு என்று நிரப்பினால் மீதி மைனஸில் வரும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும். பெட் பணத்தை மேலே, தனி விகிதத்தில் வரி போடும் வருமானங்களோடு காட்டுங்கள்.

4. ஷெட்யூல் சிஎஃப்எல்

அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோகும் நஷ்டத்துக்கான அட்டவணை இது. அந்த மைனஸ் தொகை இங்கே குதிரைப் பத்தியில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் சமர்ப்பிக்காதீர்கள். நான்கு மதிப்பீட்டு ஆண்டுகள் (வருமானம் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம்தான் மதிப்பீட்டு ஆண்டு) வரை எடுத்துச் செல்லலாம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் காட்டிய நஷ்டம் 2029-30 வரை. ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டால்தான் இந்தச் சலுகை. தாமதமாகப் போட்டால் நஷ்டம் போனது போனதுதான்.

பின்சேர்க்கை: இரண்டு கேள்விகள் வந்தன. குதிரையை விற்றுவிட்டால் பழைய நஷ்டம் என்ன ஆகும்? கழிக்கிற வருடத்திலும் நீங்கள் பந்தயக் குதிரை வைத்துப் பராமரிக்க வேண்டும். அதனால் விற்பதற்கு முன் சிஎஃப்எல்லை ஒருமுறை பாருங்கள்.

இன்னொருவர் குட்டி ஈன வைத்து விற்கும் பண்ணை வைத்திருக்கிறார். அது தொழில், ஐடிஆர்-3-க்குப் போக வேண்டும். விவசாய வருமானம் ஆகாது. அங்கே வேறொரு சலுகை உண்டு. விற்பனைச் சரக்காக அல்லாமல் தொழிலுக்காக வைத்திருக்கும் பெண் குதிரையோ பொலிகுதிரையோ செத்துப்போனால், அல்லது நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், வாங்கிய விலையில் திரும்பக் கிடைத்தது போக மீதியை 36(1)(vi) பிரிவில் கழிக்கலாம். டாக்டரிடம் தேதி போட்டு ஒரு சான்றிதழ் அன்றைக்கே வாங்கி வையுங்கள்.