30 லட்சம் சம்பளமும் பெங்களூரும்: கணக்கில் செய்யக்கூடாத தவறுகள்

பெங்களூரில் ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய்க்கு வேலை கிடைத்த செய்தி திருநெல்வேலி வீட்டை எட்டியதும் தாய்மாமன் கேட்கும் முதல் கேள்வி, "மாப்ளே, மாசம் ரெண்டரை லட்சமாமே?" என்பதாகத்தான் இருக்கும். மாமன் அப்படி வகுத்துப் பார்த்ததில் தவறில்லை. வேலைக்குச் சேர்ந்தவரும் அதே எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போவதுதான் தவறு. இரண்டு ஆண்டுகள் கழித்து, "இவ்வளவு வாங்கியும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே" என்று அவர் புலம்புவதில் ஊரின் விலைவாசிக்குப் பங்கு உண்டென்றாலும், பெரும்பங்கு இந்த முதல் கணக்குக்கே உரியது என்பது என் எண்ணம்.

நியமனக் கடிதத்தில் இருக்கும் சிடிசி என்பது நிறுவனம் ஒரு ஊழியருக்காகச் செய்யும் மொத்தச் செலவே தவிர, அவர் கைக்கு வரும் பணம் அன்று. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 15 லட்சம் என்றும், செயல்திறனைப் பொறுத்துத் தரப்படும் போனஸ் 3 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதி 1,80,000 ரூபாயும் பணிக்கொடைக்கான சுமார் 72,000 ரூபாயும் அந்த 30 லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இவற்றோடு, மாதாமாதம் வராத போனஸையும் கழித்தால் மீதித் தொகை மாதத்துக்குச் சுமார் 2,04,000 ரூபாய். அதில் ஊழியரின் பங்காக வைப்புநிதிக்கு 15,000 ரூபாயும், 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி வருமான வரிக்குச் சுமார் 25,400 ரூபாயும், கர்நாடகத்தின் தொழில்வரியாக 200 ரூபாயும் பிடித்தம் போக, வங்கிக் கணக்கில் வந்து விழுவது ஏறத்தாழ 1,63,000 ரூபாய்தான். இரண்டரை லட்சத்தை நம்பி வாடகையையும் பள்ளியையும் காரையும் முடிவு செய்தவர், முதல் மாதத்திலேயே 87,000 ரூபாய் பள்ளத்தில் நிற்கிறார். வைப்புநிதியில் சேர்வதும் அவருடைய பணம்தானே என்று கேட்கலாம். அது சரிதான், ஆனால் அதைக்கொண்டு இந்த மாத வாடகையைக் கட்ட முடியாது.

வீட்டுச் செலவு என்றால் வாடகை மட்டும்தான் என்று எண்ணுவது அடுத்த தவறு. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். இப்போது பேரம் பேசிக் குறைக்க முடிகிறது என்றாலும், 45,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு நாலரை லட்சம் வரை முடங்கக்கூடும். 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் அந்தப் பணம் மாதம் 2,600 ரூபாய் தந்திருக்கும் என்பதால் அதையும் வாடகையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். காலி செய்யும் நாளில், சுவரில் ஆணி அடித்த தடம்கூட இல்லாத வீட்டுக்கும் 'பெயின்டிங்' என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பராமரிப்புக் கட்டணம் தனி. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டி வந்தபோது, குடியிருப்புகளில் தண்ணீர்ச் செலவு எப்படி ஏறும் என்பதைப் பலர் முதல் முறையாகக் கண்டார்கள்.

வாடகைக்குத் தரும் காசைத் தவணையாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும் என்று பலர் கடன் வாங்குகிறார்கள். இதில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. 80 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 69,400 ரூபாய். முதல் தவணையில் 56,700 ரூபாய் வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது ஏறத்தாழ 12,700 ரூபாய்தான். முழுத் தவணையையும் சேமிப்பாக எண்ணி மகிழ்பவரும், முழுவதையும் செலவாக எண்ணிக் குமைபவரும் இந்தப் பிரிவைப் பார்ப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அசலின் பங்கு கூடும். அதுவரை வேலை நிலைக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள இக்கட்டு.

நிறுவனம் தரும் பங்குகளைச் சம்பளம்போல் நினைத்துச் செலவைக் கூட்டிக்கொள்வதும் உண்டு. அவை பெரும்பாலும் சில ஆண்டுகளில் பகுதி பகுதியாகவே கைக்கு வரும். வரும்போது அன்றைய மதிப்புக்குச் சம்பளத்தைப்போலவே வரி பிடிப்பார்கள். பிறகு விலை சரிந்தால் கட்டிய வரி அப்படியே திரும்பி வராது.

கடைசியாக, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. பெல்லந்தூரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரின் காரையும் அவர் பிள்ளை போகும் பள்ளியையும் பார்த்துத் தன்னை நடுத்தர வர்க்கம் என்று சொல்லிக்கொள்பவர், தன் வீட்டில் சம்பளத்துக்குச் சமைத்துவிட்டுப் போகும் அம்மாவோடு தன்னை ஒப்பிடுவதே இல்லை. வருமானத்தை வருமானத்தோடு ஒப்பிடுவதைவிட, சம்பளம் நின்றால் இப்போதிருக்கும் சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்கிடுவது உண்மைக்கு நெருக்கமானது. தவணை, பள்ளி, கார் கடன், மளிகை எல்லாம் சேர்ந்து மாதம் 1,30,000 ரூபாய் தவிர்க்க முடியாத செலவுள்ள ஒருவரிடம் 5,20,000 ரூபாய் இருந்தால் அது நான்கு மாதம் வரும். தென்காசியில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு, 60,000 சம்பளத்தில் 30,000 செலவழித்து, 3,60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கு, அந்தச் சிறிய தொகையே ஓராண்டுக்கு வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் தம்பி ஏன் இவ்வளவு நிதானமாக இருக்கிறான் என்று அண்ணன் வியப்பது இதனால்தான்.