ஏ.டி.வி. ஆக்சில் பூட் கிழிந்துவிட்டதா? நீங்களே மாற்றலாம்

ஏ.டி.வி.யை, அதாவது மண்ணிலும் சேற்றிலும் ஓட்டும் நாலு சக்கர வண்டியை, கழுவும்போது ரிம்மின் உள்பக்கத்தில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால், குனிந்து ஆக்சிலை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டை, பாருங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைதான் பூட். அதற்குள் சி.வி. ஜாயிண்ட் இருக்கிறது. சக்கரம் திரும்பினாலும் மேலும் கீழும் ஏறி இறங்கினாலும் சுழற்சியைச் சீராகக் கொண்டுபோவது அதன் வேலை. வெளிப்பக்க ஜாயிண்டில் பெரும்பாலும் ஆறு எஃகு பால்கள் (குண்டுகள்) உருளும். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மணல் உள்ளே வரும். மணல் கலந்த கிரீஸ் உப்புத்தாள் போல ஜாயிண்டை அராவிவிடும்.

சின்னக் கீறல்தானே என்று நான் ஒருமுறை விட்டுவைத்தேன். சேற்றில் நாலு தடவை இறங்கி ஏறியதும், ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ‘டக் டக்’ என்று சத்தம். அந்தச் சத்தம் வந்த பிறகு பூட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு. ஜாயிண்டையோ முழு ஆக்சிலையோதான் மாற்ற வேண்டும்.

சத்தம் இல்லையா? சரி, வேலையைத் தொடங்கலாம். உங்கள் மாடலுக்கான பூட் கிட் வாங்குங்கள். உள்பக்க பூட்டும் வெளிப்பக்க பூட்டும் ஒன்றல்ல, சொல்லிக் கேளுங்கள். கிட்டில் பூட், அதன் இரு முனைகளையும் இறுக்கும் பெரிய கிளாம்ப், சின்ன கிளாம்ப், கிரீஸ் பாக்கெட் இருக்கும். கிரீஸ் இல்லையென்றால் மாலிப்டினம் கலந்த சி.வி. ஜாயிண்ட் கிரீஸ் வாங்குங்கள். கையில் கிடைத்த சாதாரண கிரீஸை அடைக்காதீர்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைக் கழற்றி, ஒருவரை பிரேக் பிடிக்கச் சொல்லி, ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், நட் சுற்றாது. அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக்கூடாது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை சஸ்பென்ஷன் ஆர்மோடு இணைக்கும் மேல் பால் ஜாயிண்டை விடுவித்து, நக்கிளைச் சாய்த்தால் ஆக்சில் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலிருந்து வெளியே வரும். வரவில்லையா? மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். ஆக்சில் முனையில் உள்ள மரையில் நேரடியாகச் சுத்தியல் பட்டால் கதை முடிந்தது.

உள்முனை கியர் பக்கத்தில் ஒரு ஸ்டாப்பர் ரிங்கில் மாட்டியிருக்கும். உள் ஜாயிண்டின் கப்பைப் பிடித்து, நேராக, வெடுக்கென்று ஒரே இழுப்பு. தண்டைப் பிடித்து இழுத்தால் ஜாயிண்ட் உள்ளேயே கழன்றுவிடலாம். கோணலாக இழுத்தால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் போகும்.

இனி பொறுமை வேண்டிய இடம். ஆக்சிலைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, பழைய கிளாம்ப்பையும் பூட்டையும் வெட்டி எடுங்கள். சில மாடல்களில் வெளி ஜாயிண்டை நடுவளையத்தில் தட்டினால் கழன்று வரும். பல ஹோண்டா வண்டிகளில் வெளி ஜாயிண்ட் கழலவே கழலாது. உள் ஜாயிண்டைப் பிரித்து, அந்தப் பக்கமாகத்தான் வெளி பூட்டையும் ஏற்ற வேண்டும். சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் சுத்தியலை ஓங்காதீர்கள். பிரிக்கும் முன் பாகங்கள் இருந்த நிலைக்குப் பெயிண்டில் குறி வையுங்கள், போட்டோவும் எடுங்கள்.

பழைய கிரீஸை முழுக்க வழித்து, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நன்றாகக் காய விடுங்கள். பால் ஓடும் தடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. புது பூட் போட்டும் ஒரு மாதத்தில் போய்விட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கழுவலைத்தான் தவிர்த்திருப்பார்கள்.

தண்டில் முதலில் சின்ன கிளாம்ப், பிறகு பூட். நான் இந்த வரிசையை மறந்து இரண்டு தடவை பிரித்திருக்கிறேன். தண்டு முனையில் உள்ள ஸ்ப்ளைன் பற்கள் ரப்பரைக் கிழிக்காமல் இருக்க டேப் சுற்றுங்கள். ஜாயிண்டை மாட்டி, பால்களுக்கு இடையே கிரீஸை விரலால் அழுத்தி ஏற்றி, மீதியைப் பூட்டுக்குள் போடுங்கள். பூட்டின் விளிம்பு பள்ளத்தில் உட்கார்ந்ததும் பெரிய கிளாம்ப்பை இறுக்குங்கள். உள் ஜாயிண்டை மேனுவல் சொல்லும் நீளத்தில் வைத்து, சின்ன முனையில் மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை லேசாகச் செருகிக் காற்றைச் சமப்படுத்திவிட்டு அதன் கிளாம்ப்பை இறுக்குங்கள். காற்று கூடக்குறைய இருந்தால் பூட் ஊதிக்கொள்ளும், இல்லை ஒட்டிக்கொள்ளும்.

திரும்ப மாட்டும்போது ஸ்டாப்பர் ரிங்கும் காட்டர் பின்னும் புதிதாகப் போடுங்கள். நட்டை மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவுக்கு) இறுக்குங்கள். காட்டர் பின்னுக்கான ஓட்டை பொருந்தாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள்.

பூட்டைக் கிழிப்பது பெரும்பாலும் வெட்டிய புதரின் குச்சியும் வேலிக் கம்பியும்தான். சஸ்பென்ஷன் ஆர்மில் பிளாஸ்டிக் அல்லது அலுமினிய கார்டு மாட்டினால் பாதி ஆபத்து குறையும். ஆனால் கார்டுக்குள் சேறு அடைத்துக் காய்ந்தால் அதுவே ரப்பரை அராவும், அவ்வப்போது தோண்டி எடுங்கள். பிரஷர் வாட்டரை பூட்டின் விளிம்பில் நேராக அடிக்காதீர்கள். லிஃப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்தியவர்களுக்கு ஆக்சில் கோணம் கூடியிருக்கும், மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். அவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. ஆக்சிலில் சுற்றிய நைலான் கயிற்றை அன்றே வெட்டி எடுத்துவிடுங்கள்.