பூஞ்சைத் தீவனச் சந்தேகமா? கோழியின் இதயத்தையும் பாருங்கள்

தீவனத்தில் பூஞ்சை என்றாலே எல்லோரும் ஈரலைத்தான் பார்ப்பார்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து, அதையொட்டி, ஈரலைக் கெடுக்கும் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு கண்டறியப்பட்ட காலத்துப் பழக்கம் அது. ஆனால் மக்காச்சோளத்தில் வளரும் ஃபியூசேரியம் பூஞ்சைகளின் மோனிலிஃபார்மின் நச்சு குறிவைப்பது இதயத்தை. குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட், செல்லின் ஆற்றல் சுழற்சிக்குள் நுழையவிடாமல் அது தடுத்துவிடுகிறது. ஒரு நொடிகூட ஓயாத தசைக்கு எரிபொருள் நின்றால் என்ன ஆகும்? நோய்க்குறி எதுவும் காட்டாமலே கோழி விழுந்து சாகக்கூடும்.

படி 1: ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் கத்தியைத் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், கால்நடை மருத்துவரை அழையுங்கள். மற்ற நேரங்களில் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, செத்துச் சில மணி நேரத்துக்குள் அறுங்கள்.

படி 2: வயிற்றைத் திறந்ததும் மஞ்சள் நிற நீர் இருக்கிறதா, இதயப்பையில் நீர் கோர்த்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதயம் பெருத்து, வெளிறி, தொளதொளவென்று கிடக்கிறதா? அதே வயதுள்ள நல்ல கோழியின் இதயம் ஒன்று பக்கத்தில் இல்லாமல் இதைத் தீர்மானிக்க முடியாது.

படி 3: எடை போடுங்கள். இதுதான் முக்கியம். மேலறைகள், கொழுப்பு, உறைந்த ரத்தம் எல்லாவற்றையும் நீக்கி, இரண்டு கீழறைகளையும் சேர்த்து எடை பாருங்கள். பிறகு வலது கீழறையின் சுவரை மட்டும் நடுச்சுவரை ஒட்டி வெட்டி எடுத்துத் தனியாக நிறுங்கள். மொத்தம் 10 கிராம், வலது சுவர் 3 கிராம் என்றால் விகிதம் 0.30. பிராய்லரில் 0.25-ஐத் தாண்டினாலே வலது கீழறை பெருத்திருப்பதாகச் சந்தேகப்படலாம்.

படி 4: விகிதம் உயர்ந்திருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கிறது. குளிர், காற்றோட்டக் குறைவு, தண்ணீரில் அதிக உப்பு, மிகவேக வளர்ச்சி ஆகியவற்றை முதலில் விசாரியுங்கள். விகிதம் சாதாரணமாக இருந்தும் இதயம் முழுவதும் பெருத்திருந்தால் தசையே கெட்டிருக்கலாம். அங்கேதான் நச்சு மேல் சந்தேகம் வலுக்கும். ஆனால் ரத்தக்கழிச்சலுக்குத் தீவனத்தில் கலந்து தரும் மோனென்சின் மருந்து அளவு மீறினாலும் இதயத்தசை கெடும் என்பதால் தீவனக் கலவைக் கணக்கைச் சரிபாருங்கள். இதயத்துண்டு ஒன்றை ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

படி 5: தீவன மாதிரி. இன்று வந்த மூட்டையை விட்டுவிட்டு, செத்த கோழிகள் தின்ற தொகுதியிலிருந்தே எடுங்கள். நச்சு திட்டுத்திட்டாக இருக்கும். ஆகவே பல இடங்களில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து, காகிதப்பையில் அனுப்புங்கள். மோனிலிஃபார்மின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அஃப்லாடாக்சினுக்கு மட்டும் சோதித்தால் அது அகப்படாது.

படி 6: முடிவு வரும்வரை அந்தத் தீவனத்தை நிறுத்திவையுங்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், நச்சு போகாது. அஃப்லாடாக்சினை நன்றாகப் பிடிக்கும் களிமண் வகை நச்சு உறிஞ்சிகளும் ஃபியூசேரியம் நச்சுகளிடம் பெரிதாக எடுபடுவதில்லை. அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை, 13 சதவீத ஈரத்துக்கு மேல் மக்காச்சோளம் வாங்காமலிருக்க ஓர் ஈரமானி வாங்கச் செலவிடலாம்.